தனிப்பள்ளியிலிருந்து தொழிற்களம் வரை
ஆட்டிசம் உடைய இளைஞரின் கல்வி வரலாறு

கல்வி மறுக்கப்பட்டோரின் வரலாற்றை எழுதப் புகுவோர், மறுத்தவர்கள் கூறிய காரணத்தை முதற்கண் ஆராய்தல் வேண்டும். "இவர்களுக்குப் படிப்பு ஏறாது" என்னும் ஒரு சொல்லே எண்ணற்ற குழந்தைகளைப் பள்ளி வாயிலில் தடுத்து நிறுத்திற்று. அச்சொல்லின் கொடுமையை நம் முன்னோர் நன்கறிவர். பிறப்பைக் காட்டி நம்மீது வீசப்பட்ட அதே சொல், மூளை வளர்ச்சியின் வேறுபாட்டைக் காட்டி மற்றொரு சாரார்மீதும் வீசப்பட்டது. அவர்களே ஆட்டிசம் உடைய குழந்தைகள். தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும் எழுதுகின்றனர். அக்குழந்தைகளுக்குப் பள்ளியின் கதவு எவ்வாறு திறந்தது, அங்கிருந்து அவர்கள் தொழில் செய்து வாழும் ஆடவராகவும் பெண்டிராகவும் எவ்வாறு வெளிவந்தனர் என்பதனை இவ்வெள்ளிவிழா மலரில் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

ஆட்டிசம் என்பது தொற்றும் நோயன்று, மருந்தினால் நீங்குவதுமன்று. பிறவியிலேயே அமைந்து வாழ்நாள் முழுதும் உடன்வரும் வளர்ச்சி வேறுபாடு அது. பிறரோடு பேசிப் பழகுவதில் இடர்ப்பாடு, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யும் இயல்பு, நாள்தோறும் நடக்கும் முறை சற்றே மாறினும் கலக்கம், ஓசையையும் ஒளியையும் தாங்கவியலாமை ஆகியன அதன் அடையாளங்கள். அதன் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரு சொல்லும் பேசாதாரும் உளர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றோரும் உளர். எல்லாக் குடும்பங்களிலும் இத்தகைய குழந்தைகள் பிறக்கின்றனர். நம் குடியிருப்புகளும் இதற்கு விலக்கல்ல.

தொடக்க காலம்

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கானர் என்னும் மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக உலகம் அறியச் செய்தது அக்கட்டுரையே. ஆயினும் அடுத்து வந்த இருபதாண்டுக் காலம் துயரம் மிக்கது. தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் எனும் கொள்கை பரவிற்று. புரூனோ பெட்டல்ஹீம் 1967இல் வெளியிட்ட நூல் அக்கொள்கைக்கு மேலும் வலுவூட்டியது. பிள்ளையின் நிலைகண்டு வருந்திய தாய்மார்மீதே பழியும் சுமத்தப்பட்டது. உளவியலாளரும், ஆட்டிசம் உடைய மைந்தனின் தந்தையுமான பெர்னார்டு ரிம்லண்டு 1964இல் எழுதிய நூல், இது உடலியல் சார்ந்த நிலையே என வாதிட்டு அப்பழியைத் தகர்க்கத் தொடங்கிற்று.

கானர் தாம் கண்ட அந்த 11 பேரும் வளர்ந்தபின் என்னவாயினர் என்பதை 1971இல் மீண்டும் எழுதினார். நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய ஆவணம் அது. அரசு மனநல விடுதிகளில் அடைக்கப்பட்டோர் இருந்த திறனையும் இழந்து மங்கினர். அவ்விடுதியில் சேர்ப்பது ஆயுள் தண்டனைக்கு ஒப்பாகும் என்ற முடிவுக்கே அவர் வந்தார். மாறாக, அவர் பட்டியலில் முதலாவதாக இடம்பெற்ற டொனால்டு டிரிப்லெட் மிசிசிப்பி மாநிலத்தில் தம் சொந்த ஊர் வங்கியில் காசாளராகப் பணிபுரிந்து வந்தார்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? டொனால்டும் சிறு வயதில் ஒரு விடுதியில் விடப்பட்டவரே. ஓராண்டளவில் பெற்றோர் அவரை வீட்டிற்கு மீட்டு வந்தனர். பின்னர் ஓர் உழவர் குடும்பத்தாரிடம் சில ஆண்டுகள் வளர்ந்தார். எதையும் அளந்துகொண்டே இருப்பது அவர் இயல்பு. அவ்வுழவர் அவரைக் கிணறு வெட்டச் செய்து, அதன் ஆழத்தை அளந்து கூறுமாறு பணித்தார். எண்ணிக்கொண்டே இருந்த சிறுவனை, உழுதவாறே சோளப் பயிரின் வரிசைகளை எண்ணுமாறு விட்டார். பித்து எனப் பிறர் ஒதுக்கிய இயல்பு அங்கே பயனுள்ள வேலையாயிற்று. ஆசிரியப் பயிற்சி ஏதுமில்லாத அவ்வுழவர் கையாண்ட முறையே, பிற்காலத்துச் சிறப்புப் பள்ளிகள் அனைத்தும் முயன்று கண்ட முறையாகும். டொனால்டு 1958இல் பட்டம் பெற்று, வங்கியில் பல்லாண்டுகள் பணியாற்றி, 2023இல் தம் 89ஆம் வயதில் மறைந்தார்.

இலண்டனில் எழுந்த பள்ளி

இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஏழை மக்களின் பிள்ளைகளுக்கும் இடைநிலைக் கல்வியை உரிமையாக்கிய பெருஞ்சட்டம். ஆயினும் அதே சட்டத்தில், பள்ளியில் கல்வி பெற இயலாதவர் என முத்திரையிட்டு ஒரு குழந்தையைக் கல்வித்துறையின் பொறுப்பிலிருந்து நீக்கவும் வழி இருந்தது. ஆட்டிசம் உடைய குழந்தைகள் பலர் இம்முத்திரைக்கு இரையாயினர்.

அந்நாளில் பள்ளிச் செயலராய் இருந்த சிபில் எல்கர் என்னும் அம்மையார் அஞ்சல்வழியே மாண்டிசோரிக் கல்விமுறையைப் பயின்று வந்தார். 1958இல் இத்தகைய குழந்தைகள் இருந்த ஒரு மருத்துவ நிலையத்தைக் காணச் சென்றவர், அங்கு கண்ட நிலையால் மனம் பதைத்தார். பின்னர் இலண்டனில் தம் இல்லத்தின் கீழ்த்தளத்திலேயே சில குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அக்குழந்தைகள் கற்றனர் என்னும் செய்தியே பெற்றோர்க்குப் புத்துயிர் அளித்தது. 1962இல் பெற்றோர்கள் ஒன்றுகூடிச் சங்கம் ஒன்றை நிறுவினர். இன்றைய தேசிய ஆட்டிசச் சங்கத்தின் தொடக்கம் அதுவே. ஆட்டிசம் உடைய மகளின் தாயும் மனநல மருத்துவருமான லோர்னா விங் அதன் நிறுவனர்களுள் ஒருவர். 1965இல் ஈலிங் பகுதியில் அச்சங்கம் தன் பள்ளியைத் திறந்தது. பிற்காலத்தில் அப்பள்ளி சிபில் எல்கரின் பெயரையே பெற்றது.

1970இல் இயற்றப்பட்ட சட்டம் அந்தப் பழைய முத்திரையை ஒழித்தது. 1971 ஏப்ரல் முதல் எந்தக் குழந்தையும் கல்விக்குத் தகுதியற்றது எனச் சட்டம் கூறவில்லை. 1973இல் லாரன்ஸ் பர்டாக், மைக்கேல் ரட்டர் ஆகிய ஆய்வாளர்கள் மூவகைச் சிறப்புப் பிரிவுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். குழந்தையைத் தன்போக்கில் விட்டுவிடும் பிரிவைக் காட்டிலும், ஒழுங்குமுறையோடு பாடம் கற்பித்த பிரிவிலேயே கல்வி முன்னேற்றம் மிகுந்திருந்தது என்பது அவர்கள் கண்ட உண்மை. கற்பித்தால் கற்பர் என்பது இவ்வாறு ஆய்வினாலும் நிலைநாட்டப்பட்டது.

எனினும் குழந்தைகள் குழந்தைகளாகவே இருப்பதில்லை. பதினாறு வயதில் பள்ளி முடிந்தபின் அவர்கள் செல்லுமிடம் எது என்ற வினா எழுந்தது. 1974இல் சாமர்செட் கோர்ட் என்னும் இல்லம் தொடங்கப்பட்டதும், எல்கர் அம்மையாரே அங்குச் சென்று பொறுப்பேற்றதும் இவ்வினாவிற்கான விடையே. வளர்ந்தவர்க்கும் கல்வி தொடர வேண்டும், செய்வதற்கு வேலை வேண்டும் என்னும் கொள்கை அங்குதான் செயல்வடிவம் பெற்றது.

வட கரோலினா காட்டிய முறை

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் எரிக் ஷாப்ளர் என்னும் உளவியலாளர் பழிக்கப்பட்ட பெற்றோரைத் தம் உடனாசிரியராக அமர்த்திக்கொண்டார். 1966இல் சிறிய ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கிய அம்முயற்சி, 1972இல் மாநிலச் சட்டமன்றத்தின் ஆதரவோடு மாநிலம் முழுமைக்குமான திட்டமாயிற்று. 'டீச்' என்பது அதன் பெயர்ச்சுருக்கம்.

இதன் செயல்முறை எளியது. ஆட்டிசம் உடையவர் பலர்க்குக் காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பது தெளிவாக விளங்கும். ஆகவே அன்றைய அலுவல்கள் படங்களாகவோ எழுத்துகளாகவோ வரிசையாக வைக்கப்படும். மாணவர் மேசையின் இடப்புறம் செய்ய வேண்டிய வேலை இருக்கும். முடித்ததை வலப்புறப் பெட்டியில் இடுவார். என்ன வேலை, எவ்வளவு வேலை, முடிந்தது என்பதை எப்படி அறிவது, அடுத்தது என்ன என்னும் நான்கு வினாக்களுக்கும் அவ்வமைப்பே விடை கூறும். ஏவுவாரின்றித் தாமே ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கும் ஆற்றல் இவ்வாறு உண்டாகின்றது. சிறுவயதில் வண்ணக் கட்டைகளைப் பிரித்து வைத்த கைகள், வளர்ந்தபின் அஞ்சலைப் பிரிக்கவும், நூலகத்தில் நூல்களை அடுக்கவும், மருத்துவமனைக் கருவிகளை வகைப்படுத்தவும் பழகுவது அம்முறையின் தொடர்ச்சியே.

பள்ளியும் பணியிடமும்

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் ஊனமுற்ற குழந்தைகள் அனைவர்க்கும் பொதுக்கல்வியை உரிமையாக்கிற்று. 1986இல் பணியிடத்திலேயே உடனிருந்து உதவும் ஆதரவு வேலைமுறை சட்டத்தில் இடம்பெற்றது. 1990ஆம் ஆண்டுத் திருத்தம் ஆட்டிசத்தைத் தனிப்பிரிவாக ஏற்றதோடு, பதினாறு வயதிற்குள் பள்ளிக்குப் பிந்தைய வாழ்விற்கான திட்டத்தையும் பள்ளியே வகுத்தல் வேண்டும் எனப் பணித்தது.

இம்மாற்றத்தின் கருத்து ஆழ்ந்தது. எழுத்தும் கணக்கும் கற்பித்ததோடு பள்ளியின் கடமை முடிவதில்லை. தனியே பேருந்தில் செல்லுதல், காசைக் கணக்கிட்டு வாங்குதல், தன்னுடலைத் தூய்மையாகப் பேணுதல், உதவி தேவைப்படின் கேட்டல், வேண்டாததை வேண்டாம் எனக் கூறுதல் ஆகியவையும் பாடங்களே. வேலையைச் செய்யத் தெரிந்த இளைஞர் பலர், உணவு இடைவேளையில் என் செய்வதென்று அறியாமல் வேலையை இழக்கின்றனர். ஆகவே பணியிடத்தைப் பணியிடத்திலேயே கற்பித்தல் வேண்டும்.

1996இல் சின்சினாட்டி நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கப்பெற்ற 'புராஜெக்ட் சர்ச்' திட்டம் இதற்குச் சான்று. பள்ளியின் இறுதியாண்டு மாணவர்கள் மருத்துவமனைக்கே வந்து, பல பிரிவுகளிலும் மாறி மாறிப் பயிற்சி பெறுகின்றனர். இம்முறையை விர்ஜீனியாவில் ஆட்டிசம் உடைய இளைஞர்க்கு ஏற்பத் திருத்திப் பால் வேமன் குழுவினர் ஆராய்ந்து, 2014இல் முடிவை வெளியிட்டனர். பயிற்சி பெற்ற 24 பேருள் 21 பேர் வேலை பெற்றனர். வழக்கமான கல்வியே பெற்ற 16 பேருள் வேலை பெற்றவர் ஒருவரே. ஆய்வு சிறியதாயினும், வேறுபாடு இளைஞரிடத்தில் இல்லை, அவர்க்கு அளிக்கப்பட்ட வாய்ப்பிலேயே உள்ளது என்பதை அது விளக்குகின்றது.

நம் நாட்டில்

இந்தியாவில் 1991இல் டில்லியில் ஒரு தாயான மெரி பரூவா 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பை நிறுவினார். இங்கும் பெற்றோரே வழி திறந்தனர். 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்னும் சொல்லே இடம்பெறவில்லை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனை ஏற்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக அதனைச் சேர்த்து, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியையும், அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காட்டு இடஒதுக்கீட்டையும் வகுத்தது. அந்த நான்கில் ஒரு விழுக்காட்டில் ஆட்டிசம் உடையவரும் பிற சில பிரிவினரும் பங்கு பெறுவர். இடஒதுக்கீட்டின் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. சான்றிதழ் பெறாதவனுக்குச் சட்டத்தால் பயனில்லை என்பதையும், சான்றிதழுக்காக ஒரு நாள் கூலியை இழந்து நகரத்து மருத்துவமனை வாயிலில் நிற்பது எத்துணைக் கடினம் என்பதையும் நாம் அறிவோம்.

இறுதியாக ஒரு வினா எஞ்சுகின்றது. தனிப்பள்ளி என்னும் சொல் நம் செவிக்கு இனியதன்று. அண்ணல் அம்பேத்கர் வகுப்பறையில் தனிச் சாக்கில் அமர்ந்து கற்றதை நாம் மறவோம். அதே வேளையில், பொதுப்பள்ளிகள் நம்மை ஏற்காத காலத்தில் 1894இல் சென்னை அடையாற்றில் கர்னல் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளியும், அதுபோன்று பின்னர் எழுந்த பள்ளிகளும் நம் முதல் தலைமுறைப் படிப்பாளிகளை ஆக்கின என்பதையும் மறுத்தற்கில்லை. ஒதுக்கி வைப்பதற்கான தனியிடம் வேறு. வெளியே அனுப்புவதற்கான தனியிடம் வேறு. உள்ளே வந்த பிள்ளை ஒரு நாள் ஊதியத்தோடும் தன்மதிப்போடும் வெளியே செல்கின்றதா என்பதே ஒரு பள்ளியை அளக்கும் கோல்.

நம் தெருவில் பேசாத பிள்ளை ஒன்று வீட்டினுள்ளேயே வளருமாயின், அதனைப் பெற்றவளின் குற்றம் என்றோ, முன்வினை என்றோ கூறாதிருப்போமாக. சான்றிதழுக்கு அவளோடு துணை செல்வோமாக. அப்பிள்ளை விரும்பிச் செய்வது யாதென உற்று நோக்கி, அதிலிருந்தே கற்பிக்கத் தொடங்குவோமாக. படிப்பு ஏறாது என்னும் சொல்லைப் பொய்யாக்கிக் காட்டிய நாம், அச்சொல் வேறெந்தக் குழந்தைமீதும் விழக் கண்டு வாளாவிருத்தல் தகாது.