மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின்கள்

2022 நடுப்பகுதியில் பெற்றோல் வரிசையில் காத்துக்கிடந்த அனுபவம் எங்களில் பலருக்கு இருக்கு. 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா வரை போனது. மண்ணெண்ணெய் ஓகஸ்ட் விலையேற்றம் வரை 87 ரூபாதான். கிடைத்தால் கொஞ்சம் கலந்து ஓடினால் என்ன எண்டு வீட்டில் கேட்டோம். பெரியாக்கள் சிரித்தார்கள். அவர்கள் அதை வருசக்கணக்கில் ஓடிப் பார்த்தவர்கள்.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. அதோடு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையும் வந்தது. எரிபொருள், பற்றரி, உரம், சீமெந்து எல்லாம் தடைப்பட்டன. மின்சாரமும் இல்லை. கள்ளமாக வந்த பெற்றோல் சாதாரண சனத்துக்கு எட்டாத விலை. மண்ணெண்ணெயும் மலிவில்லை, ஆனாலும் ஓரளவு கிடைத்தது. ஆகவே ஹொண்டா 50, 90, எம்.டி. 90 எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார்கள். காபரேற்றருக்குள் சில துளி விட்டு உதைத்து ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். தோட்டக்காரருக்கு இது புதிதில்லை. கிணற்றடியில் தண்ணி இறைக்கிற மெசினையும் பெற்றோலில் தொடங்கித்தான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பிரித்தானியாவில் 1940களின் கடைசியில் விற்ற சில உழவு இயந்திரங்களிலும் இதே முறைதான். ஆனால் அந்த எஞ்சின்களின் அமுக்கவிகிதத்தைக் குறைத்து, இதற்கெண்டே செய்திருந்தார்கள். மோட்டார்சைக்கிளை அப்படிச் செய்யவில்லை. நடுக்கம் அங்கேதான் தொடங்கியது.

பிளக்கின் பொறியிலிருந்து நெருப்பு சீராகப் பரவவேண்டும். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு. அமுக்கமும் சூடும் ஏற, எரியாமல் மிஞ்சிய கலவை தானாகவே பற்றிக்கொள்ளும். அந்த அமுக்கம் பிஸ்டனில் சுத்தியல்போல அடிக்கும். அதுதான் காதுக்கு 'டக் டக்' எண்டும் காலுக்கு அதிர்வாகவும் வருவது. எரிந்து முடியாதது கரியாகப் படியும். கரி படிந்தால் உள்ளிடம் சுருங்கி அமுக்கம் இன்னும் கூடும், அடியும் கூடும். மிச்ச மண்ணெண்ணெய் றிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். ஒயில் தண்ணியானால் பெயறிங் தேயும். பெயறிங் தேய்ந்தபிறகு வருகிற நடுக்கம், சுத்தமான பெற்றோல் விட்டாலும் போகாது.

ஆகவே கராச்சுக்காரருக்கு முதல் கேள்வி ஒண்டுதான்: இது எண்ணெயின் நடுக்கமா, இரும்பின் நடுக்கமா? ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் எப்படியும் கொஞ்சம் நடுங்கும். வழமைக்கு மாறானதைத்தான் பிரிக்கவேண்டும்.

வண்டியை ஸ்ராண்டில் விட்டு, நியூட்ரலில் முறுக்கிப் பார். நிண்டபடியே நடுங்கினால் எஞ்சின் பக்கம். ஓடும்போது, வேகத்துக்கேற்ப மட்டும் வந்தால் சில்லு, றிம், செயின் பக்கம். எஞ்சினைச் சட்டத்தோடு பிடிக்கிற போல்ற்றுகள் இளகியிருக்கா எண்டு பார்க்கக் காசு தேவையில்லை, அதை முதலில் பார். பின்னால் ஆளை ஏற்றி முறுக்கும்போது மட்டும் கணகணவெண்டு அடித்து, முறுக்கை விட நிண்டால் எண்ணெயையோ பொறி விழுகிற நேரத்தையோ சந்தேகி. பிளக்கைக் கழற்றிக் கரி பார். ஒயிலை மணந்து பார். மண்ணெண்ணெய் மணத்தால் உடனே மாற்று. கடைசியாக நீளத் திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு வை. அடியிலிருந்து பாரமான குத்து கேட்டால் கிராங் பெயறிங் போய்க்கொண்டிருக்கு. இண்டைக்கும் எங்கட வண்டிகளுக்கு இந்த ஒழுங்கு பொருந்தும்.

"எங்கட ஆக்கள் கெட்டிக்காரர்" எண்டு இதை முடித்துவிடலாம். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. ஆரும் விரும்பிப் படித்த வித்தை இல்லை இது. உதிரிப்பாகமும் அரிதான இடத்தில் பெயறிங் போனால் வண்டி மூலைக்குத்தான். நோயாளியைப் பின்னால் இருத்திப் போகும்போது எஞ்சின் நிண்டால், இருட்டில் அந்தச் சின்னப் போத்தலைத் தேடவேண்டும். குடாநாடு 1996இல் இராணுவத்திடம் போனபிறகும், வன்னியில் தடை 2002 யுத்தநிறுத்த காலம் வரை நீண்டது.

நாங்கள் வாசித்த போர் வரலாறுகளில் தாக்குதல்களுக்குத் திகதி இருக்கு, பெயர் இருக்கு. ஒரு சமூகம் எஞ்சினில் காது வைத்து வாழ்ந்த வருசங்களைப் பற்றி ஓரிரு வரிதான் வரும். அந்த நடுக்கத்தைக் கேட்ட காதுகளுக்கு இப்ப வயசாகுது. உங்கட வீட்டிலும் ஒரு பெரியப்பா, மாமா இருப்பார். அவரின் வண்டி எப்படிக் குத்தினது, என்ன செய்து ஓடினார் எண்டு கேளுங்கோ. கேட்டதை எழுதி வையுங்கோ.