மருந்தாளுநர் பதிவும் பணி விதிகளும் (தமிழ்நாடு)

மருந்தாளுநர் பதிவு என்பது மருத்துவரின் சீட்டுப்படி மருந்து கலக்கவும் வழங்கவும் ஒருவருக்குச் சட்டம் அளிக்கும் தகுதி ஆகும். தமிழ்நாட்டில் இப்பதிவேட்டைச் சென்னையில் இயங்கும் தமிழ்நாடு பார்மசி கவுன்சில் பேணி வருகிறது. மருந்துக்கடைக்கான விற்பனை உரிமம் இதிலிருந்து வேறானது. அதை மாநில அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வழங்குகிறது. பதிவு ஆளுக்கு உரியது. உரிமம் இடத்துக்கு உரியது. பேச்சு வழக்கில் இரண்டும் "லைசென்ஸ்" என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுவதால் குழப்பம் நேர்வதுண்டு.

சட்டப் பின்னணி

ஆங்கிலேயர் காலத்தில் மருந்து விற்பதற்கோ மருந்துச் சீட்டுப்படி கலந்து கொடுப்பதற்கோ இந்தியா முழுமைக்குமான தகுதி விதி எதுவும் இருக்கவில்லை. மருத்துவமனைகளிலும் மருத்துவர்களின் இல்லங்களிலும் "கம்பவுண்டர்" என அழைக்கப்பட்டவர்களே இவ்வேலையைச் செய்தனர். பெரும்பாலோர் வேலை செய்தே தொழிலைக் கற்றவர்கள். கலப்பட மருந்துகள் பற்றிய புகார்கள் பெருகியதால், இராம் நாத் சோப்ரா தலைமையில் 1930 இல் மருந்து விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வெளியான அதன் அறிக்கை, மருந்துகளையும் மருந்தாளும் தொழிலையும் சட்டத்தின் கீழ் கொண்டுவரப் பரிந்துரைத்தது. இதன் விளைவாக மருந்துச் சட்டம் 1940 இலும் (இன்று மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டம்), அதற்கான விதிகள் 1945 இலும், பார்மசி சட்டம் 1948 இலும் வந்தன.

பார்மசி சட்டத்தின்படி நடுவண் மட்டத்தில் இந்திய பார்மசி கவுன்சிலும், மாநிலந்தோறும் ஒரு கவுன்சிலும் உண்டு. நடுவண் கவுன்சில் கல்வித் தகுதியை வரையறுக்கிறது. மாநிலக் கவுன்சில் பதிவேட்டை வைத்திருக்கிறது. மாநிலக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருந்தாளுநர்கள் தமக்குள் தேர்ந்தெடுக்கும் 6 உறுப்பினர்களும், மாநில அரசு நியமிக்கும் 5 உறுப்பினர்களும், மருத்துவக் கவுன்சில் சார்பில் ஒருவரும் இடம் பெறுவர் எனச் சட்டம் கூறுகிறது.

பதிவு பெறத் தகுதி

இன்று பதிவுக்கான குறைந்த அளவுத் தகுதி மருந்தியல் பட்டயம் (டி.பார்ம்) ஆகும். இது இரண்டு ஆண்டுப் படிப்பு. அதன் பின் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி முடிக்க வேண்டும். நான்கு ஆண்டு பி.பார்ம் பட்டம் பெற்றவர்களும், 2008 இல் அறிமுகமான பார்ம்.டி முடித்தவர்களும் பதிவு செய்யலாம். விண்ணப்பிப்பவர் அம்மாநிலத்தில் வசிப்பவராகவோ அங்கு தொழில் செய்பவராகவோ இருத்தல் வேண்டும். வேறு மாநிலத்தில் பதிவு பெற்றவர் தமிழ்நாட்டுக்கு வந்து பணி செய்ய விரும்பினால் இங்குள்ள பதிவேட்டில் பெயர் சேர்க்க வேண்டும்.

தொடக்கத்தில் இவ்வளவு கண்டிப்பு இருக்கவில்லை. ஏற்கனவே தொழிலில் இருந்தோரை ஒரே நாளில் வெளியேற்ற இயலாது என்பதால், முதற் பதிவேடு தயாரிக்கப்பட்டபோது 5 ஆண்டுகளுக்குக் குறையாமல் மருந்து கலக்கும் வேலையில் இருந்த கம்பவுண்டர்களும் சேர்க்கப்பட்டனர். 1976 ஆம் ஆண்டுத் திருத்தம் மற்றொரு வாயிலைத் திறந்தது. பர்மா, இலங்கை, உகாண்டா முதலிய நாடுகளில் கலவரங்களால் வாழ்விடம் இழந்து இந்தியா திரும்பிய இந்திய வம்சாவளியினர், அங்கு மருந்தாளும் தொழிலில் இருந்தவர்களாயின், அவர்களுக்குச் சிறப்பு விதியின் கீழ் பதிவு வழங்க அது இடமளித்தது. தாயகம் திரும்பிய தமிழர் பலர் குடியமர்ந்த தமிழ்நாட்டில் இப்பிரிவு வெறும் ஏட்டளவுச் செய்தி அன்று.

பதிவு ஒருமுறை பெற்றால் என்றைக்கும் நிலைப்பதில்லை. உரிய காலத்தில் புதுப்பிப்புக் கட்டணம் செலுத்தாவிடில் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படும். கட்டணம் செலுத்தி மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம். 2015 ஆம் ஆண்டின் பார்மசி பணி ஒழுங்குமுறைகள், 5 ஆண்டுகளில் குறைந்தது இரண்டு ஒருநாள் புத்தாக்கப் பயிற்சிகளில் கலந்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தன. குற்றத் தண்டனை பெற்றாலோ தொழிலுக்கு இழிவான நடத்தை மெய்ப்பிக்கப்பட்டாலோ, விளக்கம் கேட்டபின் பெயரை நீக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. நீக்கப்பட்டவர் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

யார் மருந்து கொடுக்கலாம்

பார்மசி சட்டத்தின் 42 ஆம் பிரிவே இத்துறையின் மையம் எனலாம். பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாத எவரும் மருத்துவரின் சீட்டுப்படி மருந்தைக் கலக்கவோ, தயாரிக்கவோ, வழங்கவோ கூடாது என்பது அதன் சாரம். மருத்துவர் தம் சொந்த நோயாளிக்குத் தாமே மருந்து கொடுப்பது இதற்கு விலக்கு. இப்பிரிவைச் செயற்படுத்தும் நாளை முதலில் மாநிலங்களின் விருப்பத்துக்கே விட்டிருந்தனர். நாள் குறிக்காத மாநிலங்களிலும், 1976 திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து 8 ஆண்டுகள் கழிந்ததும் இப்பிரிவு தானாகவே செயற்படும் என்று பின்னர் விதிக்கப்பட்டது. அதாவது, சட்டம் பிறந்து ஒரு தலைமுறை ஆன பின்னரே அதன் முதன்மையான தடை நாடெங்கும் உறுதியானது.

1945 ஆம் ஆண்டு விதிகளில் 65 ஆம் விதி இதையே கடையின் பக்கமிருந்து கூறுகிறது. மருந்துச் சீட்டின் பேரில் சில்லறையாக வழங்கப்படும் எந்த மருந்தும் பதிவு பெற்ற மருந்தாளுநரால், அல்லது அவரது நேரடிக் கண்காணிப்பில் வழங்கப்பட வேண்டும். "நேரடி" என்ற சொல் இங்கு முக்கியமானது. மருந்தாளுநர் கடையில் இருக்கும்போது உதவியாளர் மருந்தை எடுத்துக் கொடுக்கலாம். மருந்தாளுநர் ஊரில் இல்லாமல், அவரது சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கினால் அது கண்காணிப்பு ஆகாது.

நடைமுறையில் இவ்விதி மீறப்படுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். சான்றிதழை மாத வாடகைக்கு விட்டு வேறு வேலைக்குச் செல்லும் பழக்கம் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் புகாராக வந்துள்ளது. பீகாரில் பதிவு பெறாதவர்களாலும் போலிப் பதிவு உடையோராலும் மருந்தகங்கள் நடத்தப்படுவதாகத் தொடரப்பட்ட வழக்கில், 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இதைத் தடுப்பது மாநில அரசு, மாநில பார்மசி கவுன்சில் ஆகிய இரண்டின் கடமை என்று கூறியது.

தண்டனையிலும் ஒரு முரண் இருந்தது. உரிமம் இன்றி மருந்து விற்றால் 2008 திருத்தத்தின்படி 3 முதல் 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் மருந்தாளுநர் அல்லாதவர் மருந்து வழங்கினால் பார்மசி சட்டம் விதித்தது, அதிக அளவாக 6 மாதச் சிறை அல்லது 1,000 ரூபாய் தண்டம் அல்லது இரண்டும். 2023 ஆம் ஆண்டு ஜன் விசுவாசு சட்டத்தின் மூலம் பார்மசி சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் திருத்தப்பட்டன. கடையைப் பொறுத்தவரை அதிகம் அஞ்சப்படுவது வேறொன்று: மருந்து ஆய்வாளர் வரும்போது மருந்தாளுநர் இல்லையெனில் கடை உரிமத்தை இடைநிறுத்தவோ நீக்கவோ இயலும்.

பெயர்ப்பலகையும் இடமும்

சில்லறை மருந்துக்கடைக்கு 20, 21 ஆகிய எண் கொண்ட படிவங்களில் உரிமம் வழங்கப்படுகிறது. கடையின் பரப்பு 10 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. 2017 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உரிமம் புதுப்பிக்கப்படுவதில்லை. 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் செலுத்தினால் தொடர்கிறது.

1945 விதிகள் பெயர்ப்பலகையைக் கூட மூன்று வகையாகப் பிரித்தன. மருந்தாளுநர் தேவைப்படாத பொருட்களை மட்டும் விற்கும் கடை "டிரக்ஸ்டோர்" எனவும், மருந்தாளுநர் இருந்தும் மருந்து கலக்கும் வசதி இல்லாத கடை "கெமிஸ்ட்ஸ் அண்ட் டிரக்கிஸ்ட்ஸ்" எனவும், மருந்தாளுநரோடு கலக்கும் வசதியும் உள்ள கடை "பார்மசி" எனவும் பெயரிட்டுக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டுத் தெருக்களில் மூன்றையும் மக்கள் "மெடிக்கல்" என்றே அழைப்பதால் இப்பாகுபாடு வாடிக்கையாளர் கண்ணில் படுவதில்லை.

மருந்துச் சீட்டு, அட்டவணைகள்

அட்டவணை எச்-இல் உள்ள மருந்துகளைச் சீட்டு இன்றி விற்கக் கூடாது. சீட்டில் மருத்துவரின் கையொப்பம், தேதி, நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் மொத்த அளவு, உட்கொள்ளும் அளவு ஆகியவை இருத்தல் வேண்டும். மறுமுறை வழங்கலாம் என்று மருத்துவர் குறிப்பிட்டிருந்தாலன்றி ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து. சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதிலாக வேறு தயாரிப்பைக் கொடுப்பதும் தடை செய்யப்பட்டுள்ளது. அதே வேதிப்பொருள் கொண்ட வேறு நிறுவனத்தின் மாத்திரையாயினும் இதே விதிதான். விலை குறைந்த பொதுப்பெயர் மருந்துகளை அரசே ஊக்குவிக்கும் காலத்தில் இவ்விதி மருந்தாளுநரின் கையைக் கட்டுகிறது என்ற விமர்சனம் உண்டு. அதில் நியாயமும் உண்டு.

அட்டவணை எச்1, 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் 46 மருந்துகள் இதில் இடம்பெற்றன. ரிஃபாம்பிசின், ஐசோநியாசிட் போன்ற காசநோய் மருந்துகள், மெரோபெனம் போன்ற வலுவான நுண்ணுயிர் எதிர்ப்பிகள், டயசெபாம், அல்பிரசோலம் போன்ற பழக்கமாகக்கூடிய மருந்துகள் ஆகியன இவற்றுள் சில. இவற்றை விற்கும்போது மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகிய விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். காசநோய் மருந்து வாங்கியோர் விவரத்தைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிப்பதும் 2018 முதல் மருந்துக்கடைகளின் கடமை. அரைகுறையாகத் தின்ற காசநோய் மருந்து, மருந்துக்கு அடங்காத காசநோயாகத் திரும்பி வரும் என்பதே இதன் காரணம்.

கெட்டமின், மெத்தில்ஃபெனிடேட் முதலியன அடங்கிய அட்டவணை எக்ஸ்-க்குத் தனி உரிமம் தேவை. சீட்டு இரு படிகளாக எழுதப்பட்டு, ஒரு படி கடையில் 2 ஆண்டுகள் இருக்க வேண்டும்.

திருவண்ணாமலையில் இவ்விதிகள்

திருவண்ணாமலை போன்ற கோயில் நகரங்களில் இவ்விதிகளின் பொருள் தெளிவாகப் புலப்படும். சிற்றூர்க் கடைக்காரருக்கு வாடிக்கையாளரைத் தெரியும். அவர் சர்க்கரை நோயாளியா, எந்த மருந்து ஒவ்வாது என்பதும் ஓரளவு தெரியும். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலுடன் சுற்றுவோரும், கார்த்திகைத் தீபத்துக்கு வரும் இலட்சக்கணக்கானோரும் வெளியூரார். கால் வலிக்கு மாத்திரை கேட்கும் முதியவர் ஏற்கனவே இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவரா என்று கேட்டறிய அங்கு மருந்தாளுநர் ஒருவரே உள்ளார். வலி நீக்கிகள் சில அம்மருந்துடன் சேர்ந்தால் இரைப்பையில் குருதிக்கசிவு ஏற்படக்கூடும். நோயாளிக்கு அறிவுரை கூறுவதை 2015 ஒழுங்குமுறைகள் மருந்தாளுநரின் கடமையாகவே ஆக்கியுள்ளன.

விதிகளில் இரவு என்ற விலக்கு இல்லை. பௌர்ணமிக்காக விடியும்வரை திறந்திருக்கும் கடை, சீட்டு மருந்து கொடுக்கும் அவ்வளவு நேரமும் ஒரு மருந்தாளுநரை வைத்திருக்க வேண்டும். ஒருவரே இரவும் பகலும் பணியாற்ற இயலாது என்பதால் அத்தகைய கடைக்குக் குறைந்தது இருவர் தேவை. மேலும் உரிமம் முகவரி சார்ந்தது என்பதால், உரிமம் பெற்ற கடைக்காரர் திருவிழா நாளில் பாதையோரம் மேசை போட்டு மருந்து விற்க முடியாது. இரண்டாவது இடத்துக்கு இரண்டாவது உரிமம் வேண்டும். மருந்தாளுநர் தேவைப்படாத மருந்துகளுக்கு மட்டும் 20ஏ படிவத்தில் கட்டுப்படுத்தப்பட்ட உரிமம் உண்டு.

இரமணாசிரமத்தை நாடி வந்து மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டினர் தம் நாட்டு மருத்துவரின் சீட்டைக் காட்டி மருந்து கேட்பதுண்டு. விதிகள் கூறும் "பதிவு பெற்ற மருத்துவர்" என்பது இந்தியச் சட்டங்களின்படி தகுதி பெற்றவரையே குறிக்கும். எனவே அட்டவணை மருந்துகளுக்கு உள்ளூர் மருத்துவர் ஒருவரிடம் புதிய சீட்டுப் பெறுவதே முறையான வழி.

கிரிவலப் பாதையில் மூலிகைப் பொடி, தைலம், சித்த மருந்து விற்கும் கடைகள் வேறு சட்ட நிலையில் உள்ளன. 1964 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகள் மருந்துச் சட்டத்துக்குள் வந்தன. ஆனால் தயாரிக்க மட்டுமே உரிமம் தேவை, விற்க உரிமம் தேவையில்லை. பார்மசி சட்டத்தின் மருந்தாளுநரும் அங்கு தேவையில்லை. ஆகவே மருந்துக்கடையில் ஒரு தூக்க மாத்திரைக்குப் பதிவேடு எழுதப்படும் அதே தெருவில், பாதரசமோ சேராங்கொட்டையோ சேர்ந்த மருந்து யாருடைய கண்காணிப்பும் இன்றிக் கைமாறலாம். நச்சுத்தன்மையுள்ள சித்த மருந்துப் பொருட்கள் அட்டவணை இ1-இல் பட்டியலிடப்பட்டு, மருத்துவக் கண்காணிப்பில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை உறையில் அச்சிடப்பட வேண்டும் என்ற விதி உண்டு. உறையே இல்லாத பொட்டலத்துக்கு இது உதவுவதில்லை.

மாவட்டத்தின் மறுமுனையில் சவ்வாது மலைச் சிற்றூர்கள் உள்ளன. மக்கள் தொகை 1,000-க்கு மேற்படாத ஊர்களில் பாராசிட்டமால், ஆஸ்பிரின் மாத்திரை, கிரைப் வாட்டர் போன்ற வீட்டு மருந்துகளை விற்பனை உரிமமின்றி மளிகைக் கடையிலும் விற்க, சில நிபந்தனைகளுடன், அட்டவணை கே இடமளிக்கிறது. அதே மளிகைக் கடை நகருக்குள் இருந்தால் இவ்விலக்கு பொருந்தாது.

அண்மைய மாற்றங்கள்

இணையவழி மருந்து விற்பனைக்கு எதிராகத் தமிழ்நாட்டு மருந்து வணிகர்கள் தொடுத்த வழக்கில், 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடை விதித்தார். 2019 சனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தடையை நிறுத்தி வைத்தது. 2025 பெப்ரவரி 24 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய 1,000 முதல்வர் மருந்தகங்களில் தனியாரும் தொழில்முனைவோராகச் சேரலாம், அதற்கு பி.பார்ம் அல்லது டி.பார்ம் தகுதி, அல்லது அத்தகுதி உடையவரின் ஒப்புதல் கேட்கப்பட்டது.

பிற நாடுகளில்

இலங்கையில் மருந்தாளர் பதிவு இலங்கை மருத்துவ சபையிடமும், மருந்தக உரிமம் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையிடமும் உள்ளன. பிரித்தானியாவில் 2010 முதல் பொது மருந்தாளுநர் மன்றம் ஆளையும் கடையையும் சேர்த்தே பதிவு செய்கிறது.