மூன்றாம் நாள் மானி சொல்வது

கல்லீரல் கெட்டு, அதன் பின்னால் சிறுநீரகமும் நின்றுபோய் இறந்தவர்களின் சிறுநீரகங்களை வேறு நோயாளிகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். அவை அங்கே சிறுநீர் பிரித்தன. 1969-இல் வெளியான இந்த அறிக்கைக்கு அடுத்த ஆண்டு, எப்ஸ்டைன் குழுவினர் அதே நோயில் எடுத்த தமனிப் படங்களை வெளியிட்டனர். நோயாளி உயிரோடிருக்கும்போது சிறுநீரகத் தமனிகள் சுருங்கி முறுக்கிக் கிடந்தன. சாயம் வெளிப்புறணிவரை எட்டவில்லை. இறந்தபின் எடுத்த படத்தில் அதே குழாய்களில் சாயம் தடையின்றி நிரம்பியது. கோளாறு சிறுநீரகத்தில் இல்லை, அதற்கு வந்துசேர வேண்டிய ரத்தத்தில்தான் என்பது இதிலிருந்து தெளிவாயிற்று.

கல்லீரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் முற்றியவருக்குக் குடல்பகுதி ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிந்துவிடுகின்றன. ரத்தம் அங்கே தேங்க, உடம்போ ரத்தமே குறைந்துவிட்டதாக எண்ணிச் சிறுநீரகத் தமனிகளை இறுக்குகிறது. மகோதரத்தால் வயிறு பானையாக உப்பியிருக்கும். சிறுநீர் மட்டும் சொட்டாகக் குறையும். ஹெபடோரீனல் சின்ட்ரோம் எனப்படும் இந்நிலைக்கு டெர்லிபிரசின் தரப்படுகிறது. விரிந்த குடல் குழாய்களை அது இறுக்க, உடன் ஏற்றப்படும் அல்புமின் என்னும் புரதம் ரத்தத்தின் கொள்ளளவைத் தாங்கிப் பிடிக்கிறது.

கருத்தளவில் குறையில்லாத சிகிச்சைதான். ஆனால் வட அமெரிக்காவில் 300 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ‘கன்ஃபர்ம்’ ஆய்வில், டெர்லிபிரசின் பெற்றவர்களில் 32 விழுக்காட்டினருக்கே சிறுநீரகம் மீண்டது. வெற்று மருந்து பெற்றவர்களில் 17 விழுக்காட்டினருக்கு. மருந்து பெற்ற மூவரில் இருவருக்கு அது பலிக்கவில்லை. அந்த இருவர் யார் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். பார்சிலோனாவில் 39 நோயாளிகளை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட கட்டுரை, தொடக்கத்தில் ரத்தத்தில் மஞ்சள் நிறமியான பிலிருபின் டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தவர்களில் 67 விழுக்காட்டினருக்கும், அதற்கு மேல் இருந்தவர்களில் 13 விழுக்காட்டினருக்கும் பலன் கிடைத்ததாகக் காட்டியது. பல உறுப்புகள் ஒருசேரச் செயலிழக்கும் நிலையை மூன்று படிகளாகப் பிரித்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில் பலன் 60, 48, 29 விழுக்காடு எனப் படிப்படியாக இறங்கியது. தசையில் உண்டாகிச் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் தொடக்கத்தில் கூடக்கூடப் பலன் குறைவதைப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

இந்த மூன்றில் கிரியாட்டினினை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஹெபடோரீனல் சின்ட்ரோமின் பழைய வரையறை, இரண்டு வாரத்துக்குள் கிரியாட்டினின் இருமடங்காகி 2.5-ஐத் தாண்ட வேண்டும் என்றது. தசை கரைந்து எலும்பும் தோலுமான சிரோசிஸ் நோயாளிக்கு 1.5 என்பதே பெரும் சரிவைக் குறிக்கலாம். எண் ஏறும்வரை காத்திருந்துவிட்டு, ஏறியவர்களுக்கு மருந்து பிடிக்கவில்லை என்று எழுதியதில், நோயின் தன்மை எவ்வளவு, தாமதத்தின் விளைவு எவ்வளவு? ரத்தம் கிடைக்காமல் கிடந்த நுண்குழல்கள் நாளடைவில் உண்மையிலேயே சேதமடைகின்றன. அதன்பின் எந்தக் குழாயை இறுக்கியும் பயன் குறைவுதான். எனவே உயர்ந்த கிரியாட்டினினில் பாதி நோயின் கணக்கு, மீதி நாட்காட்டியின் கணக்கு என்பதே இக்கட்டுரையின் வாதம். 2015-இல் அந்த 2.5 எல்லை கைவிடப்பட்டதும், 2024-இல் நோயை உறுதிசெய்யுமுன் அல்புமின் கொடுத்துக் காத்திருக்கும் நேரம் 48 மணியிலிருந்து குறைக்கப்பட்டதும் இந்தத் திருத்தத்தின் அடையாளங்கள்.

பார்சிலோனா ஆய்வின் இன்னொரு கண்டுபிடிப்பு வேறு வகையைச் சேர்ந்தது. மூன்றாம் நாளில் சராசரி ரத்த அழுத்தம் 5 புள்ளிகளாவது ஏறியவர்களில் 73 விழுக்காட்டினர் பலன் பெற்றனர், ஏறாதவர்களில் 36. கட்டிலோரத்து அட்டவணையில் செவிலியர் எழுதிவைத்த 66, 68, 72 என்ற வரிசைதான் இதற்கான கருவி. தனி ஆய்வுக்கூடம் வேண்டாம். பிலிருபின் வாசலிலேயே நின்று ஆளைத் தரம் பிரிக்கிறது. அழுத்தமோ மருந்து உள்ளே போனபின் உடம்பு என்ன சொல்கிறது என்று காட்டுகிறது. மாற்றக்கூடியதும் இரண்டாவதுதான். கன்ஃபர்மிலும் நான்காம் நாள் ஒரு நிறுத்தம் வைத்திருந்தார்கள்: கிரியாட்டினின் 30 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இறங்கியிருந்தால் அளவு இரட்டிப்பு, தொடக்க அளவிலோ அதற்கு மேலோ நின்றால் மருந்து நிறுத்தம்.

அழுத்தம் ஏறாவிட்டால் வேறு மருந்தா? ரத்தக்குழாய்களை இறுக்கும் இன்னொரு மருந்தான நார் அட்ரினலினைத் தொடக்கத்திலிருந்தே கொடுத்து ஒப்பிட்டது டில்லியின் கல்லீரல், பித்த அறிவியல் நிறுவனம். கல்லீரல் திடீரெனச் சரிந்த 120 பேரில் டெர்லிபிரசின் 40 விழுக்காட்டினருக்கும் நார் அட்ரினலின் 16.7 விழுக்காட்டினருக்கும் பலனளித்தது. வென்ற மருந்தும் பாதிப்பேருக்குக்கூடக் கைகொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதைவிடச் சங்கடமான கேள்வி, பலன் என்று எதைச் சொல்வது என்பது. கன்ஃபர்மில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் மருந்துப் பிரிவில் 51 விழுக்காடு, வெற்று மருந்துப் பிரிவில் 45. மூச்சுக்கோளாறால் மட்டும் மருந்துப் பிரிவில் 11 விழுக்காட்டினரும், எதிர்ப்பிரிவில் 2 விழுக்காட்டினரும் இறந்தனர். அல்புமினால் நீர் நிறைந்த நுரையீரலின் மேல் இன்னொரு சுமை ஏறியிருக்கலாம். 2022-இல் அமெரிக்கா அனுமதி வழங்கியபோது, ஆக்சிஜன் அளவு 90 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பவருக்குத் தொடங்கக் கூடாது என்று எழுதிவைத்தது இதனால்தான். கிரியாட்டினின் 5-ஐத் தாண்டியவருக்குப் பலன் அரிது என்றும் அதில் எழுதியிருந்தது.

ஆகவே விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியும் ஒரு கணிப்புக் கருவியே. கிரியாட்டினின் இறங்குமா என்று மட்டும் கணக்கிடும் எந்தச் சூத்திரமும் இந்த மானியைப் பார்க்காது.

மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருப்பவர் விஷயத்தில் முரண் இன்னும் கூர்மையானது. ‘மெல்ட்’ என்னும் முன்னுரிமைப் புள்ளியில் கிரியாட்டினினுக்கும் பங்குண்டு. மருந்து வேலை செய்து அது இறங்கினால் புள்ளி குறையும், வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படுவார். கன்ஃபர்மில் மாற்றுக் கல்லீரல் பெற்றவர்கள் மருந்துப் பிரிவில் 23 விழுக்காடு, எதிர்ப்பிரிவில் 29. நோயின் வேரை அறுக்கும் ஒரே சிகிச்சை அதுதான் என்றிருக்க, மூன்றாம் நாள் அழுத்த அட்டவணையைப் பார்க்கும் மருத்துவர் அன்றே மாற்று அறுவைக் குழுவையும் அழைத்துப் பேச வேண்டியிருக்கிறது, எண்கள் எந்தப் பக்கம் போயிருந்தாலும்.