புதினா என்ற பேரும் பல செடிகளும்



போன கிழமை முருங்கனில் ஒரு உம்மா சின்னப் போத்தலோடு வந்தார். "சேர், மூணு மாசப் பிள்ளைக்கு வயித்து ஊதல். இந்தப் புதினா எண்ணெய் ரெண்டு சொட்டுக் குடுக்கலாமா?" வட்சப்பில் வந்த யோசனையாம்.

நோன்புக் கஞ்சிக்கும் புரியாணிக்கும் நாம் போடும் இலையின் பேர் பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே அது ஒரே செடியின் பேரல்ல. இப்னு சீனா தன் 'கானூன்' நூலில் நஃனாவைத் தனியாகவும் ஃபூதனஜைத் தனியாகவும் எழுதினார். ஃபூதனஜ் என்பது புதினா என்ற சொல்லின் அரபு வடிவம்தான். அதில் காட்டு வகைகளும் அடங்கும். அவர் பிரித்து வைத்ததை நம் நாக்கு ஒன்றாக்கிவிட்டது.

அந்தக் காட்டு உறவுகளில் ஒன்று பெனிரோயல். வாசனை புதினா போலவே இருக்கும். அதிலுள்ள புலிகோன் ஈரலில் நஞ்சாக மாறும். 1996இல் கலிபோர்னியா மருத்துவர்கள் இரண்டு கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். வீட்டில் வளர்ந்த புதினா என்று நம்பித்தான் பெற்றோர் தேநீர் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு பிள்ளை மௌத்தாகிவிட்டது.

நம் சந்தைப் புதினா அதுவல்ல. அதன் மணம் கார்வோன். கறிக்குப் போடும் அளவில் பயமில்லை. எண்ணெய் வேறு கதை. கட்டுக்கட்டான இலையின் சத்து சில சொட்டுக்குள் இறங்கிவிடும். மென்தோல் உள்ள வகையென்றால் கைக்குழந்தைக்கு மூச்சே அடைக்கலாம்.

போத்தலைத் திருப்பிப் பார்த்தோம். எந்தப் புதினா என்று எழுதியிருக்கவில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள் என்றோம். தலையாட்டினார். போத்தலை மட்டும் கையோடு கொண்டுபோய்விட்டார்.