போர் ஜீப்பைப் பார்த்து வாங்குவது

1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைத் தயாரித்தன. போர் முடிந்ததும் மிஞ்சியவற்றில் பல பொதுமக்களிடம் விற்பனைக்கு வந்தன. இன்றைய எஸ்யூவியின் முன்னோடியான இந்த வண்டியில் புதுப் பெயிண்டைப் பார்த்து மயங்குவது வீண். அடியில் படுத்துத்தான் பார்க்கவேண்டும்.

முதலில் சேஸிஸ். அதன் முன்பக்கக் குறுக்குத்தண்டு வில்லிஸில் உருளைக் குழாய், ஃபோர்டில் கவிழ்த்த ‘ப’ வடிவம். ஃபோர்டு தன் போல்ட்டுகளிலும் ‘எஃப்’ எழுத்தைப் பொறித்தது. பட்டறைகளில் பாகங்கள் தாராளமாக மாறியதால், இரண்டு நிறுவனத்து அடையாளங்களும் ஒரே வண்டியில் தென்படுவது சகஜம். அதைக் குறையாகக் கொள்ளத் தேவையில்லை. விரிசலும், அதை மூடிய வெல்டிங்கும்தான் உண்மையான ஆபத்து.

சில கோளாறுகள் ஓட்டினால்தான் தெரியும். ஆக்சிலரேட்டரை விட்டதும் இரண்டாம் கியர் தானே நழுவினால் கியர்பாக்ஸ் தேய்ந்திருக்கிறது. இந்த ரகத்துக்கு அது பழகிய நோய். முன்சக்கரங்கள் உதறினால் கிங்பின் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

2.2 லிட்டர், 60 குதிரைத்திறன் என்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தால் புகை பீறிட்டு வரக்கூடாது. வந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். கம்ப்ரஷன் அளவி அதை உறுதிசெய்யும்.