கொலாசன் விழுங்கல்

கொலாசன் விழுங்கல் என்பது இணைப்புத்திசுவில் உள்ள உயிரணுக்கள் தம்மைச் சூழ்ந்துள்ள கொலாசன் இழைகளைப் பற்றி, உள்ளிழுத்து, செரிக்கும் நிகழ்வு ஆகும். இதனைப் பெரும்பாலும் செய்வது பைபிரோபிளாஸ்ட் எனப்படும் நாராக்க உயிரணு. கொலாசனை உருவாக்கி வெளியிடுவதும் இதே உயிரணுதான். கட்டும் கொத்தனாரே பழைய சுவரை இடித்து அகற்றுவதற்கு இதனை ஒப்பிடலாம். பாக்டீரியாக்களை விழுங்கும் வெள்ளையணுக்களைப் பாடநூல்களில் படித்த மாணவர்கள் பலருக்கு, நாராக்க உயிரணுக்களும் விழுங்கும் தன்மை உடையவை என்பது புதிய செய்தியாக இருக்கக்கூடும்.

கொலாசனும் அதன் சிதைவும்

பாலூட்டிகளின் உடலில் மிகுதியாக உள்ள புரதம் கொலாசன் ஆகும். மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ 25 முதல் 30 விழுக்காடு வரை இதுவே. மூன்று புரதச் சங்கிலிகள் கயிறு போல முறுக்கிக்கொண்டு, சுமார் 300 நானோமீட்டர் நீளமும் 1.5 நானோமீட்டர் விட்டமும் கொண்ட ஒரு மூலக்கூறாகின்றன. இம்மூலக்கூறுகள் பக்கவாட்டில் அடுக்கப்பட்டு இழைகளாகும்போது, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சுமார் 67 நானோமீட்டருக்கு ஒருமுறை வரிகள் தோன்றும். இந்த வரிகளே கொலாசனை அடையாளம் காட்டுவன.

முறுக்கு இறுக்கமாக இருப்பதால் சாதாரணப் புரதச் செரிப்பு நொதிகளால் இதனை எளிதில் வெட்ட இயலாது. 1962-ஆம் ஆண்டில் ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியர் ஆகியோர் தவளையின் தலைப்பிரட்டை வாலில், கொலாசனை வெட்டவல்ல கொலாசனேஸ் நொதியைக் கண்டறிந்தனர். வால் மறைந்து தலைப்பிரட்டை தவளையாவதற்கு இந்நொதி தேவைப்படுகிறது. இது மூலக்கூறை ஓரிடத்தில் மட்டும் வெட்டி, நான்கில் மூன்று பங்கும் நான்கில் ஒரு பங்குமான இரு துண்டுகளாக்குகிறது. இது உயிரணுவுக்கு வெளியே நிகழும் சிதைவு. கொலாசன் விழுங்கல் உயிரணுவுக்கு உள்ளே நிகழ்வது. நோயற்ற மென்திசுக்களின் அன்றாடப் புதுப்பித்தலில் இவ்விரண்டாம் வழிக்கே பெரும்பங்கு உண்டு என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

பற்றுதல்

விழுங்குவதற்கு முன் பிடிக்க வேண்டும். நாராக்க உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள இன்டெக்ரின் என்னும் ஏற்பிகள் இதனைச் செய்கின்றன. இவற்றுள் முதன்மையானது ஆல்பா2பீட்டா1 இன்டெக்ரின் ஆகும். இது கொலாசனில் எந்த இடத்தையும் பிடிப்பதில்லை. கிளைசின், பினைல்அலனின், ஐதராக்சிபுரோலின், கிளைசின், குளூட்டாமிக் அமிலம், ஆர்ஜினின் என்னும் ஆறு அமினோ அமிலங்கள் இதே வரிசையில் வரும் இடத்தை இறுகப் பற்றுகிறது. இப்பிணைப்பின் படிக அமைப்பு 2000-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. குளூட்டாமிக் அமிலத்துக்கும் ஏற்பிக்கும் இடையே ஓர் உலோக அயனி பாலமாக நிற்பது அதில் தெரிந்தது. உடலில் அந்த இடத்தில் இருப்பது மக்னீசியம்.

வேறு ஏற்பிகளும் உள்ளன. எண்டோ180 என்னும் ஏற்பி, ஏற்கெனவே வெட்டப்பட்ட துண்டுகளை உள்ளே கொண்டுசெல்கிறது. டிடிஆர் எனப்படும் மற்றொரு வகை, கொலாசன் இருப்பதை உயிரணுவுக்கு அறிவிக்கிறது.

உள்ளிழுத்தலும் செரித்தலும்

இன்டெக்ரின் பற்றிய இடத்தில், உயிரணுச் சவ்வின் உட்புறம் ஆக்டின் இழைகள் திரள்கின்றன. சவ்வு நீண்டு கொலாசன் இழையைச் சூழ்கிறது. ஆனால் இழை மிக நீளமானது, ஒரே வாயில் அடங்காது. எனவே சவ்விலேயே பொருந்தியுள்ள நொதிகள் அதனை வெட்டித் தரவேண்டியுள்ளது. உள்ளே வந்த துண்டு ஒரு பையில் அடைபட்டு, பின் லைசோசோமுடன் கலக்கிறது. அங்குள்ள அமிலத்தன்மையில் முறுக்கு தளர்கிறது. கத்தெப்சின் வகை நொதிகள் அதனைச் சிறு கூறுகளாக்குகின்றன.

ஆய்வு வரலாறு

1970-களில் டொராண்டோவில் டென் கேட், டிபோர்ட்டர் ஆகியோர் பல்லின் வேரைத் தாடையெலும்புடன் பிணைக்கும் பற்சூழ் இணைநாரை ஆராய்ந்தனர். உடலில் கொலாசன் மிக விரைவாகப் புதுப்பிக்கப்படும் திசுக்களுள் இதுவும் ஒன்று. அங்குள்ள உயிரணுக்களுக்குள் வரிகளுடன் கூடிய கொலாசன் இழைகள் பைகளில் கிடந்தன. இங்கு ஒரு நியாயமான ஐயம் எழுந்தது. இவை விழுங்கப்பட்டவையா, அல்லது வெளியேற்றப்படக் காத்திருக்கும் புதிய இழைகளா? ஒரு படத்தை மட்டும் பார்த்து இதற்கு விடை கூற இயலாது. கரு நிலையில் உள்ள தசைநாணில் உயிரணுவுக்குள்ளேயே இழை உருவாவது 2004-இல் காட்டப்பட்டதால், இவ்வையம் வெறும் வாதத்துக்கானது அன்று என்பதும் தெளிவாயிற்று. கத்தெப்சின்களைத் தடுக்கும் மருந்துகளைச் சேர்த்தபோது பைகளில் இழைகள் மேலும் குவிந்தன. செரிமானம் நின்றதால் குவிந்தன என்றால், அவை செரிப்பதற்காக வந்தவையே என்று கொள்ளலாம்.

பின்னர் கொலாசன் பூசிய ஒளிரும் நுண்மணிகளை உயிரணுக்களுக்கு அளித்து, எத்தனை உயிரணுக்கள் மணிகளை விழுங்கின என்று எண்ணும் முறை வந்தது. எண்ணுவதற்கு எளிய முறைதான். எனினும் உருண்டையான மணி, நீண்டு பின்னிக் கிடக்கும் இழைக்கு ஈடாகாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மருத்துவ முக்கியத்துவம்

ஆக்கமும் அகற்றலும் சமமாக இருக்கும்வரை திசுவின் அளவு மாறாது. அகற்றல் குறைந்தால் கொலாசன் தேங்கும். இதற்குக் கண்கூடான எடுத்துக்காட்டு ஈறு வீக்கம். வலிப்பு நோய்க்கான பெனிடாயின், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் தரப்படும் சைக்ளோஸ்போரின், இரத்த அழுத்தத்துக்கான நிபெடிபின் ஆகிய மூன்றும் வெவ்வேறு நோய்களுக்கானவை. ஆயினும் மூன்றும் சிலரிடம் ஈறு தடித்துப் பற்களை மூடும் நிலையை ஏற்படுத்துகின்றன. பெனிடாயின் தொடர்பாக இது 1939-இலேயே பதிவு செய்யப்பட்டது. இம்மருந்துகள் நாராக்க உயிரணுக்களின் விழுங்கும் திறனைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. காரணம் இது ஒன்று மட்டுமன்று. பற்களில் படியும் பாக்டீரியாப் படலமும் வீக்கத்தை மிகுவிக்கும். ஆகவே பல் தூய்மை முக்கியமானது. ஈறு வீங்குகிறது என்று வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்துவது வலிப்பு மீண்டும் வரக் காரணமாகலாம். மாற்று மருந்து பற்றி மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

செரித்தல் நின்றுபோவதற்கு எடுத்துக்காட்டு பிக்னோடிசோஸ்டோசிஸ் என்னும் அரிய மரபு நோய். இதில் கத்தெப்சின் கே நொதி செயற்படுவதில்லை. எலும்புகள் அடர்த்தி மிகுந்தும் எளிதில் முறியக்கூடியனவாகவும் இருக்கும், உடல் குள்ளமாகும். 2003-இல் வெளியான ஆய்வொன்றில், இந்நோயுற்றோரின் நாராக்க உயிரணுக்களுக்குள் விழுங்கப்பட்டும் செரிக்கப்படாத கொலாசன் தேங்கிக் கிடப்பது காணப்பட்டது. பிரெஞ்சு ஓவியர் துலூஸ்-லோத்ரெக்குக்கு இந்நோய் இருந்திருக்கலாம் என்று கூறப்படுவதுண்டு, அது மெய்ப்பிக்கப்படவில்லை.