துள்ளும் பந்தும் வாய்ப்பாட்டுப் பாட்டும்

திரையில் பாட்டு வரிகளைக் காட்டிப் பார்வையாளர்களைப் பாடவைக்கும் வழக்கம், சினிமாவின் தொடக்க காலத்திலேயே அமெரிக்கக் கொட்டகைகளில் இருந்தது. படங்களுக்கு நடுவே வண்ணம் தீட்டிய கண்ணாடி ஸ்லைடுகளைக் காட்டுவார்கள். ஒருவர் பாடுவார். கடைசி ஸ்லைடில் பல்லவி எழுத்தாக வரும். கொட்டகையே சேர்ந்து பாடும். ஆனால் எழுத்து அசையாமல் நிற்கும். பாட்டை முன்பே அறியாதவருக்கு எந்தச் சொல்லை எப்போது எடுப்பது, எதை எவ்வளவு நீட்டுவது என்பது பிடிபடாது.

அந்தக் குறையை நீக்கியவர்கள் நியூயார்க்கில் கார்ட்டூன் ஸ்டூடியோ நடத்திய மேக்ஸ் ஃபிளைஷரும் அவருடைய தம்பி டேவும். 1924இல் அவர்கள் தொடங்கிய ‘சாங் கார்-டியூன்ஸ்’ படங்களில் ஒரு வெள்ளைப் பந்து அசைக்கு அசை தாவியது. கார்ட்டூனில் வந்தாலும் அது வரைந்த பந்து அன்று. நீண்ட கோலின் நுனியில் ஒளிரும் பந்தைப் பொருத்தி, ஸ்டூடியோ ஊழியர் ஒருவர் பாட்டோடு சேர்த்துக் கையாலேயே ஆட்ட, அதை நேரடியாகப் படம்பிடித்தார்கள். கோல் இருளில் மறைந்துவிடும். பந்தின் உயிர்ப்புக்கு இதுவே காரணம் எனலாம்: நீட்டிப் பாடும் இடத்தில் அது தயங்கி நின்றது, குறுகிய அசைகளில் தொட்டும் தொடாமலும் ஓடியது. பாடத் தெரிந்த கையின் அசைவு அது. இந்தப் படங்கள் சிலவற்றில் லீ டி ஃபாரஸ்டின் ‘ஃபோனோஃபிலிம்’ முறையில் ஒலியும் சேர்ந்தது. எழுத்தின் மேல் நிறம் ஓடும் இன்றைய கரோக்கியும் இந்தப் பந்தின் வேலையைத்தான் செய்கிறது.

பந்து கற்பித்தது பாட்டை. பாட்டைக் கொண்டே பாடத்தைக் கற்பிக்கும் எண்ணம் ஒரு விளம்பர நிறுவனத்தில் பிறந்தது. ராக் பாடல்களை வரி பிசகாமல் பாடும் தன் மகனுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு மட்டும் மனத்தில் நிற்கவில்லை என்பதை அந்த நிறுவனத்தின் டேவிட் மெக்கால் கவனித்தார். அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஜாஸ் கலைஞர் பாப் டோரோ மூன்றாம் வாய்ப்பாட்டைப் பாட்டாக்கினார். இசைத்தட்டாக வெளியிடுவதுதான் முதல் திட்டம். பாட்டைக் கேட்டபடியே ஓவியர் டாம் யோ படங்களைக் கிறுக்கத் தொடங்கியதும் அது கார்ட்டூனாக மாறியது. 1973 ஜனவரியில் ஏபிசி தொலைக்காட்சி ‘ஸ்கூல்ஹவுஸ் ராக்’ தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று நிமிடம். வார இறுதிக் காலை நேரக் கார்ட்டூன்களுக்கு இடையே வரும்.

இத்தகைய படத்தில் ஒலிதான் முதலில் முடிவாகிறது. பதிவான பாட்டை அசைபடக் கலைஞர்கள் ஃபிரேம் ஃபிரேமாக அளப்பார்கள். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில், நிமிடத்துக்கு 120 தட்டு விழும் பாட்டு என்றால் தட்டுக்கு 12 ஃபிரேம். எண் தோன்றுவதும் உருவம் திரும்புவதும் அந்தத் தட்டில் விழ வேண்டும். சற்றுப் பிந்தினாலும் கண் ஒன்றையும் காது வேறொன்றையும் பிடிக்கும்.

தாளம் பொருந்துவது பாதி வேலைதான். கருத்துக்கு ஏற்ற உருவம் கிடைக்க வேண்டும். அந்தத் தொடரின் ‘கன்ஜங்ஷன் ஜங்ஷன்’ இதில் தலைசிறந்தது. அதன் களம் ஒரு ரயில் யார்டு. சொற்கள் எழுதிய பெட்டிகளை இணைப்புச் சொற்கள் கொக்கியாக நின்று கோக்கின்றன. பெட்டிகள் பூட்டிக்கொள்ளும்போதே இலக்கணம் கண்ணுக்குத் தெரிகிறது. சட்டம் உருவாகும் விதத்தைச் சொல்லும் ‘ஐ’ம் ஜஸ்ட் எ பில்’ பாட்டில், மசோதாவே கைகால் முளைத்த காகிதச் சுருளாக நாடாளுமன்றப் படிக்கட்டில் உட்கார்ந்து தன் கதையைப் பாடுகிறது.

பாட்டுக்குக் கட்டுப்படுவதில் ஓர் இழப்பும் உண்டு. இதே தொடருக்காக அமெரிக்க அரசியலமைப்பின் முகப்புரையை லின் ஆரன்ஸ் மெட்டமைத்துப் பாடியபோது, தொடக்கத்தில் நாட்டின் பெயரைத் தாங்கிய சொற்றொடர் மெட்டில் அடங்காமல் விடுபட்டது. முகப்புரையைப் பாட்டின் வழியே மனப்பாடம் செய்த மாணவர்கள், அந்தச் சொற்களைத் தனியே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.